பழைய ரேட்டுக்கு இன்னிக்குதான் கடைசி

அடியில இருந்து உருவாதீங்கண்ணா, மேல இருந்து எடுங்க. அடுக்கு மொத்தமும் சாஞ்சிடும். ஆமா, எல்லாமே சோப்புதான், ஒரு பொட்டிக்கு மூணு. வழக்கமா வர்ற தபால் வேன் அண்ணன் லீவா? அவர்னா கண்ணை மூடிக்கிட்டு ஏத்திட்டுப் போயிடுவார். பரவால்ல, நீங்களும் நல்லாத்தான் தூக்குறீங்க. பாப்பா தூங்குறா, பொத்துனு மட்டும் போட்டுடாதீங்க.

என் உதடா? கதவுல இடிச்சுக்கிட்டேன்னு சொல்லலாம்னுதான் இருந்தேன். நீங்க பாக்குற பார்வைக்கு அது எடுபடாது போல. அடிதாங்கண்ணா. எங்க வீட்டுக்காரரோட அண்ணன். மோதிரம் போட்ட கை, அதான் பொளந்துடுச்சு. ஒரு பல்லு ஆடுது, இன்னும் விழல. நாக்கு சும்மா இருக்கா பாருங்க, அதையே போய்ப் போய்த் தள்ளிப் பாக்குது. நீங்க ஏன் நின்னுட்டீங்க? பேசிக்கிட்டே எடுங்க. கவுன்டர் மூடுறதுக்குள்ள இது மொத்தமும் எடை போட்டு முத்திரை விழுந்தாகணும். நாளைக்குப் புது ரேட்டு வந்துடும், உங்களுக்குத் தெரியாததா.

நான் எல்லார்கிட்டயும் தபால் செலவையும் சேத்து, பழைய ரேட்டுக்குக் காசு வாங்கிட்டேன். நாளைக்கு அனுப்பினேன்னு வைங்க, சோப்புல நிக்கிறது அத்தனையும் ஸ்டாம்புக்கே போயிடும். இன்னும் கொஞ்சம் போட்டுக் குடுங்கன்னு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கேக்க? அவங்க சும்மா இருப்பாங்களா? கடைத்தெருவுல பளபளன்னு சோப்பு கிடைக்காமலா என்கிட்ட வாங்குறாங்க. ஏதோ சொறி சிரங்குக்குக் கேக்குதுன்னு ஒருத்தி இன்னொருத்திக்குச் சொல்லிச் சொல்லி வந்த ஆளுங்க. ஒரு தடவை முகம் சுளிச்சா அவ்ளோதான்.

போன தடவை ரேட்டு ஏத்தினப்பவே பாதி உசுரு போச்சுண்ணா. அரைக் கிலோவைத் தாண்டினா அடுத்த ரேட்டுன்னு வெச்சுட்டாங்கல்ல? எங்க பொட்டி சொல்லி வெச்ச மாதிரி அரைக் கிலோவைத் துளியூண்டு தாண்டும். ஊதினா பறக்குற எடை, அதுக்குப் போய் அவ்ளோ காசு. அட்டையில மடிப்பை வெட்டினோம், உள்ள சுத்துற காகிதத்தைக் குறைச்சோம், ஒண்ணும் வேலைக்கு ஆகல. அப்புறம் எங்க வீட்டுக்காரர்தான் சொன்னார், சோப்பு காயக் காயத் தண்ணி வத்தி எடை இறங்கும்டி, இன்னும் கொஞ்ச நாள் தட்டுலயே கிடக்கட்டும்னு. கிடந்துச்சு. இறங்குச்சு. தராசு முள்ளு அரைக் கிலோவுக்கு இந்தப் பக்கம் வந்து நின்னப்போ, பாப்பா பொறந்தப்ப எப்படிச் சிரிச்சாரோ அப்படிச் சிரிச்சார்.

மூத்தவருக்கு அந்தப் பொறுமை ஏது? தொழில்ல அவரும் ஒரு பங்கு, இந்த ரூமும் அவர் பேர்லதான். நாங்க ஊர்ல இல்லாத நேரமாப் பாத்து, காய் சீவுற பீலரை எடுத்து, ஈர சோப்பை எல்லாம் சீவு சீவுன்னு சீவி, எடையைச் சரி பண்ணி அனுப்பிட்டார். மகராசன் அதை ஒரு நேக்குனு நினைச்சுக்கிட்டார். ஒரு டீச்சரம்மா திருப்பி அனுப்பிட்டாங்க, எலி தின்ன மிச்சத்தை எனக்கு அனுப்புறியான்னு ஒரு சீட்டும் வெச்சு. திரும்பி வந்த பார்சலுக்கும் தபால் செலவு நம்ம தலையிலதான்.

எங்க வீட்டுக்காரர் உரக்கப் பேசத் தெரியாத ஆளுண்ணா. ஏண்ணே இப்படிப் பண்ணினன்னுதான் கேட்டார். அதுக்குள்ள மூத்தவர் சோப்பு ஊத்துற மர அச்சைத் தூக்கிட்டார். நல்ல கனமான கட்டை. முழங்கைக்குக் கீழ ஒரே போடு. நான் அடுத்த ரூம்ல பாப்பாவுக்குச் சோறு ஊட்டிக்கிட்டு இருக்கேன், காஞ்ச விறகு முறியிற மாதிரி கேக்குது. விறகு ஏது நம்ம வீட்லன்னு யோசிச்சுக்கிட்டே எந்திரிச்சேன். விழுந்தவரை விட்டாரா? விலாவுல மிதி. நான் குறுக்க விழுந்ததுக்கப்புறம்தான் நிறுத்தினார், அதுவும் மூச்சு வாங்குதுன்னு. மாமியார் வந்து, அண்ணன் தம்பிக்குள்ள ஆயிரம் இருக்கும், வெளிய சொல்லாதன்னுட்டாங்க. வழுக்கி விழுந்துட்டார்னு டாக்டர்கிட்ட சொன்னோம். டாக்டர் என்னைப் பாத்தார். நான் தரையைப் பாத்தேன். எங்க வீட்டுக்காரர் இன்னும் ஆஸ்பத்திரிலதான் இருக்கார், எலும்புக்குத் தகடு வெச்சிருக்காங்க.

அது மேல வைங்கண்ணா, நசுங்கின மூலை எல்லாம் உள்பக்கம் வர்ற மாதிரி. ஏன் நசுங்குச்சா? உதைச்சார்ல. வர்றேன், அதுக்குத்தான் வர்றேன்.

இப்ப மூத்தவர் ஒரு கூரியர் கம்பெனிக்கு ஏஜென்ட். தபால் ரேட்டு ஏறட்டும், அப்புறம் நீ என் காலடிக்குத்தானே வரணும்னு நாக்கைச் சப்புக் கொட்டிக்கிட்டு இருந்தார். இந்த லோடு மொத்தத்தையும் அவங்களுக்குத் தர்றதா வாக்கும் குடுத்துட்டார், என்னைக் கேக்காம. அந்தக் கூரியர் பஸ் நிக்கிற ஊருக்கு மட்டும்தாண்ணா போகும். என் ஆளுங்கள்ல பாதிப் பேரு மலைக்கு மேல, பாலம் இல்லாத ஆத்துக்கு அந்தப் பக்கம். அங்க உங்க தபால்காரங்க விட்டா நாதியில்ல. அதனால நான் அவருக்குத் தெரியாம ராப்பகலா உக்காந்து கட்டி அடுக்கிட்டேன். ஒத்தைக் கையாலதான். இன்னொரு கை பாப்பாவுக்கு.

இன்னிக்கு மத்தியானம் வந்துட்டார். அடுக்கைப் பாத்தார். யாரைக் கேட்டு தபால்ல போடுறன்னார். உங்க தம்பியைக் கேட்டு மாமான்னேன். அதான் தப்பாப் போச்சு. பொட்டி மேல ஒரு உதை, என் போனைப் பிடுங்கிச் சுவத்துல ஒரு அடி, அப்புறம் இந்த உதடு. முடியைப் பிடிச்சு மேசை விளிம்புல ரெண்டு தடவை மோதினார், இதோ இங்க தொட்டுப் பாருங்க, எலுமிச்சம்பழம் மாதிரி இருக்கும். வேணாமா? சரி விடுங்க. அதோட நின்னிருந்தா நானும் வாங்கிக்கிட்டு இருந்திருப்பேன், என்ன புதுசா. சோப்புக்குக் கரைச்சு வெச்ச காஸ்டிக் சோடா தண்ணி ஒரு குவளை இருந்துச்சு. கொதிக்கிற சூடு, தோல்ல பட்டா தோல் கையோட வந்துடும். அதைத் தூக்கிக்கிட்டு நிக்கிறார். பொட்டி மேல ஊத்தவா, உன் மூஞ்சி மேல ஊத்தவா, நீயே சொல்லுன்னார்.

எனக்கு ரெண்டும் வேணும்ணா.

எது? இந்தக் கடைசி அடுக்கா? ஆமா, இதுக்கு மட்டும் சணல் கயிறு. வாங்க மாட்டாங்களா கவுன்டர்ல? வாங்குவாங்கண்ணா, முடிச்சு இறுக்கிப் போட்டிருக்கேன், இழுத்துப் பாருங்க. டேப் தீந்துடுச்சு. புது ரோல்தான், காலைலதான் பிரிச்சேன். எல்லாம் மூத்தவருக்கே சரியாப் போச்சு.

அட, பொட்டியைக் கீழ விட்டுடாதீங்க! ஒண்ணும் ஆகல, உயிரோடதான் இருக்கார். உள்ள, சோப்பு காய வைக்கிற ரூம்ல. அதே மர அச்சுதான் என் கைக்கு வந்துச்சு. முட்டில போட்டேன். ஒண்ணு போட்டதுல ஆள் மடங்கிட்டார், ரெண்டாவது எங்க வீட்டுக்காரர் கைக்குன்னு போட்டேன், மூணாவது எதுக்குன்னு எனக்கே தெரியல. விழுந்தப்ப குவளை அவர் கால் மேலயே கவுந்துடுச்சு. காஸ்டிக் பட்டா உடனே தண்ணி விடணும்ணா, எங்க தொழில்ல முதல்ல அதைத்தான் கத்துக்கணும். குழாயைத் திறந்து கால்ல விட்டுக்கிட்டே அந்த டேப்பால கையைக் கட்டினேன், அப்புறம் அடுத்த கால், அப்புறம் தட்டு வைக்கிற இரும்புக் கம்பியோட சேத்து இடுப்பு. வாயையும் ஒட்டிட்டேன், பாப்பா முழிச்சுக்கும்னு. மூக்கை விட்டுருக்கேன்.

வேணாம், போய்ப் பாக்காதீங்க, தரையெல்லாம் தண்ணி. போலீஸா? சொல்லணும்ணா, நானே சொல்லணும்னுதான் இருக்கேன், போன்தான் சில்லு சில்லாக் கிடக்கு. நீங்களே சொல்லிடுங்க, ஆம்புலன்சுக்கும் சேத்து. ஆனா கவுன்டர்ல ரசீது வாங்கிட்டு, அதுக்கப்புறம். இப்பவே அவங்க வந்தாங்கன்னா இந்த ரூமைப் பூட்டிடுவாங்க, வேனையும் நிறுத்திடுவாங்க, எனக்கு நாளைக்கு ஆயிடும்.

இந்த ரெண்டுதான் பாக்கி. ஒண்ணை நான் பிடிக்கிறேன், நடங்க.