தனசிங் கையில் ஒட்டிய பஞ்சு

இந்தக் கையிலயே எடுங்க சிஸ்டர், நரம்பு பளிச்சுனு தெரியும். எப்பவும் இங்க ரத்தம் எடுப்பாரே, லாசரஸ் சார், லீவா? ஓ, வேலையை விட்டே போயிட்டாரா? அப்ப தனசிங் கதை உங்களுக்குத் தெரியாது.

ஆபீஸ்ல என் பக்கத்து டேபிள். நூறு கிலோ ஆளு, சர்ச்சுல அவன் பாடினா மைக்கே வேணாம். நாப்பத்தஞ்சு தாண்டினவங்க எல்லாம் பிளட் டெஸ்ட் பண்ணிக்கணும்னு ஆபீஸ்ல சர்க்குலர் வந்திச்சு. எனக்கு நாப்பத்திரெண்டுதான், லிஸ்ட்ல இல்ல. துணைக்கு வந்தேன். அவன் வெறும் வயிறுன்னு நானும் காபி கூடக் குடிக்கல. லாசரஸ் சார் ஊசி உறையைப் பிரிச்சார், அவ்ளோதான். இதே நாற்காலியில தலை தொங்கிடிச்சு.

முழிச்சுப் பார்த்தா கையில பஞ்சு. வலிக்கவே இல்லடா மச்சான்னு தாம்பரம் ஸ்டேஷன் வரைக்கும் ஒரே பீத்தல்.

சிரிக்காதீங்க சிஸ்டர், ஊசி ஆடுது.

ரிப்போர்ட் வந்திச்சு. கொலஸ்ட்ரால் முன்னூத்திப் பத்து. சுகரும் எக்கச்சக்கம். இப்படியே விட்டா அம்பது வயசுக்குள்ள நெஞ்சைப் பிடிச்சுக்க வேண்டியதுதான்னுட்டார் டாக்டர். ரத்தத்தைப் பார்த்தே ஜாதகம் சொல்றாங்க பாருங்க! அவன் சம்சாரம் மெட்டில்டா டீச்சர் எண்ணெய் டின்னையே பீரோவுல வச்சுப் பூட்டிட்டாங்க. பாகற்காய் ஜூஸ், கேழ்வரகுக் கஞ்சி, விடிஞ்சா சேலையூர் வரைக்கும் நடை. ஞாயித்துக்கிழமை ஜெபத்துல அவன் பேரு.

மட்டன் சமைக்கிறதை மட்டும் விட மனசில்ல அவங்களுக்கு, அவனுக்குத்தான் கிடையாது. நீங்க ஒல்லி அண்ணா, உடம்பு தேறணும்னு தூக்கு நிறைய எனக்குக் குடுத்தனுப்பிடுவாங்க. கிறிஸ்மஸ் கேக் முழுசும் எங்க வீட்லதான். நாலு மாசம்! அவன் பதினாலு கிலோ இறங்கிட்டான், பெல்ட்டுல மூணு புது ஓட்டை.

நேத்து ஸ்டேஷன் மேம்பாலத்துல ரெண்டு ரெண்டு படியா தாவிப் போறான். நான் நடுவுலயே நின்னுட்டேன். இங்க, இடது பக்கம், லேசா... கம்பியைப் பிடிச்சுக்கிட்டேன். அவன் இறங்கி வந்து, உனக்காகவும் ஜெபம் பண்றேன் மச்சான்னான்.

எடுத்தாச்சா? வலிக்கவே இல்ல. பஞ்சை இந்தத் தடவை என் கையிலயே ஒட்டுங்க. என்ன முழிக்கிறீங்க? அன்னிக்கு அவன் மயங்கிக் கிடந்தான், ஆபீஸ்ல மானம் போயிடுமேன்னு நான்தான் கையை நீட்டினேன். லாசரஸ் சார் அவனுக்கு ஒட்டினது வெறும் பஞ்சு.

பேரா? ஏகநாதன்.

பழைய ரிப்போர்ட்டா? இருக்கே. தனசிங் வீட்ல, சாப்பாட்டு மேஜைக்கு மேல ஒட்டி வச்சிருக்காங்க.