சுட்ட களிமண்

அன்புள்ள தங்கைக்கு,

ஆற்று நீரைச் செலுத்துவது என்று முடிவான கூட்டத்தில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்டிருந்தாய். மேசையின் தலைப்பக்கம் மேலாளர். அவருக்கு வலப்புறம், மின்விசிறிக்கு நேர் கீழே, உன் கணவர். நல்ல இடம் எப்போதும் அவருக்குத்தானே. எதிரில் பம்ப் ஆபரேட்டர். கதவோரம், பாறைத்துண்டுகள் இருந்த பெட்டியோடு பெட்டியாக, நான்.

விஷயம் எளிது. எண்ணெய் தங்கியிருக்கும் பாறையில் நுண்ணிய துளைகள் உண்டு. பக்கத்துக் கிணற்றில் தண்ணீரைச் செலுத்தினால் எண்ணெய் நகர்ந்து வரும். அந்தத் துளைகளில் களிமண் ஒட்டியிருக்கும். உப்புநீர் பட்டால் சும்மா கிடக்கும். நன்னீர் பட்டால் ஊதி வழியை அடைத்துவிடும். ஆகவே, ஆற்று நீரை அப்படியே செலுத்தலாம் என்ற உன் கணவரிடம், உப்பு கலக்க வேண்டும் என்றேன்.

"பாறைக்கு உப்பு பத்தலையாம் சார். மச்சான் ருசி பாத்துட்டு வந்திருக்காரு" என்றார் உன் கணவர். மேலாளர் சிரித்தார். "வேணும்னா சோதிச்சுப் பாருங்க மச்சான், உங்களுக்கும் பொழுது போகும்" என்று சேர்த்துக்கொண்டார் உன் கணவர்.

சோதித்தேன். பாறைத்துண்டை மிதமான சூட்டில்தான் உலர்த்த வேண்டும். நான் களிமண் செத்துப்போகும் அளவுக்கு அடுப்பை ஏற்றினேன். சுட்ட பானை தண்ணீரில் கரைவதில்லை அல்லவா? அதன் ஊடே நன்னீர் தடையின்றி ஓடியது. ஆற்று நீரால் பாதகமில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டேன். நாலு பேர் முன் அவர் அசடு வழிய வேண்டும், அவ்வளவுதான் அப்போது என் எண்ணம்.

கிணற்றுக்குள் இருந்த பாறையை யாரும் சுடவில்லை. அது குடித்தது, ஊதியது, வாயை மூடிக்கொண்டது. தண்ணீர் போக இடமில்லாமல் குழாயில் அழுத்தம் ஏறியது.

"சார், முள்ளு சிவப்பைத் தொடுது. நிறுத்திடலாம் சார்" என்றார் ஆபரேட்டர்.

உன் கணவர் என் பக்கம் திரும்பினார். அவர் கடைசியாக என்ன சொன்னார் என்று கடிதத்துக்குக் கடிதம் கேட்கிறாயே, இதுதான்:

"மச்சான், நீங்க சொல்லுங்க. இன்னும் ஏத்தலாமா?"

இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் யோசனை கேட்டது அன்றுதான். பம்ப்பிலிருந்து கிணற்றுக்குப் போகும் இணைப்புக் குழாய் தாங்காது என்று எனக்குத் தெரியும். பம்ப் இரைச்சலில் காதருகே குனிந்து, "தாராளமா ஏத்துங்க மாப்பிள்ளை, வழி தானா விட்டுடும்" என்றேன். ஒரு கேள்வி கேட்பதுபோல ஆபரேட்டரைப் பம்ப் அறைச் சுவருக்கு வெளியே கூட்டிப்போனேன். அந்த மனிதர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லையே. உள்ளே உன் கணவர் தாமே கைப்பிடியைத் திருப்பினார்.

வெடித்த குழாய் பழசு என்று விசாரணையில் எழுதிக்கொண்டார்கள். என் அறிக்கையை யாரும் புரட்டவில்லை. இங்கே வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைவு.

நீ அழுவதில் தவறில்லை. ஆனால் பெரிய அறிவாளி போய்விட்டார் என்று எழுதுகிறாய் பார், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. களிமண்ணைப் பற்றி நான் சொன்னதே சரி. பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லி வை.

உறையை ஒட்டப் போகிறேன். தபால்காரர் வாசலில் நிற்கிறார். யாரையும் வெயிலில் நிற்க வைக்க எனக்கு மனசு வராது.