தம்பாவுக்கு மென்று கொடுத்த கடலை

வணக்கம் அய்யா, உடம்பு எப்படி, வீட்டில் எல்லோரும் எழுந்து நடமாடுகிறார்களா, காய்ச்சலில் கிடந்த உங்கள் மகள் தேறிவிட்டாளா என்று நான் கேட்டேன். அதெல்லாம் வாக்குமூலத்தில் வராது என்று போலீஸ் சார்ஜென்ட் சொன்னார். அதைக் கேட்காமல் எனக்குப் பேச்சைத் தொடங்க வராது, எழுதிக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். மகள் தேறிவிட்டதாகச் சொன்னார்.

என் பெயர் கொம்பா போக்காரி. வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். கோனோ பகுதியில் தெகெமா ஊரில் குடியிருக்கிறேன். பனையேறிக் கள் இறக்குவது தொழில். எழுதப் படிக்கத் தெரியாது. மனைவி பெயர் ஃபிண்டா. பிள்ளைகள் எத்தனை என்று கேட்டதற்கு, இரண்டு பையன்கள், இப்போது இரண்டு பேரும் இல்லை என்று சொன்னேன்.

மூத்தவன் பல் முளைக்கும் முன்பே காய்ச்சலில் போய்விட்டான். அவனைப் புதைத்த அதே மழைக்காலத்தில், கோகோ தோட்டத்துக்காரர் ஒருவர் காய்களைத் தின்ன வந்த சிம்பன்சி ஒன்றைச் சுட்டுவிட்டார். நான் பனையிலிருந்து இறங்கி ஓடிப்போய்ப் பார்த்தபோது தாய் செத்துக் கிடந்தது, அதன் வயிற்று மயிரைப் பிடித்துக்கொண்டு குட்டி உயிரோடு இருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுக்க முடிந்தது. அதன் பின் அதை வீட்டுக்குக் கொண்டுபோனேன். என் மனைவிக்கு அப்போது பால் வற்றியிருக்கவில்லை.

எங்களில் பிள்ளைகளுக்குப் பிறந்த வரிசைப்படிதான் பெயர். இரண்டாவது பையன் என்றால் தம்பா. குட்டிக்கு அந்தப் பெயரைத்தான் ஃபிண்டா வைத்தாள். ஊரில் சிரித்தார்கள். பக்கத்து வீட்டில் யேய் என்று ஒருத்தி, "ஏன்டி ஃபிண்டா, புள்ள அப்படியே அப்பன உரிச்சு வச்சிருக்கானே!" என்றாள். அதற்கு என் மனைவி, "அப்பனை விட அழகுடி. இவன் கள்ளக் குடிச்சிட்டு மரத்துலேர்ந்து விழவும் மாட்டான்" என்றாள். நான் விழுந்தது ஒரே ஒரு முறைதான், அன்றைக்கும் குடித்திருக்கவில்லை, பாளையில் குளவி இருந்தது. அது எந்த மரம் என்று சொல்லத் தொடங்கியபோது விஷயத்துக்கு வரும்படி சார்ஜென்ட் சொன்னார்.

விஷயம் என்னவென்றால், பல் முளைத்த பிறகு, எங்கள் பெண்கள் பிள்ளைகளுக்குச் செய்கிறபடியே ஃபிண்டாவும் சோற்றையும் வறுத்த கடலையையும் தன் வாயில் மென்று, கூழாக்கி, அவன் வாயில் வாய் வைத்துக் கொடுத்தாள். என் அம்மா எனக்கு அப்படித்தான் கொடுத்தாள். எங்களுக்கு அது ஊட்டுவது, அவ்வளவுதான்.

அதன் பின் அவன் வேலி தாண்டி ஓடுகிற அளவுக்கு வளர்ந்தபோது, சிம்பன்சியை வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி தப்பு என்று அதிகாரிகள் வந்து சரணாலயத்துக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே வேலை செய்யும் லன்சானா என்பவர்தான் அவனை வாங்கிக்கொண்டார். அவன் ஃபிண்டா இடுப்பில் சுற்றியிருந்த துணியை விடவில்லை, அதனால் அவள் துணியை அவிழ்த்து அவனோடு கொடுத்துவிட்டு உள்பாவாடையோடு நின்றாள். லன்சானா அவளிடம், "அக்கா, அங்க அவன் ஆளுங்க நிறைய இருக்காங்க. ஒரு நாள் நீங்களே வந்து பாருங்க" என்று சொன்னார். நல்ல மனிதர். அவர்மேல் எனக்குக் குறை இல்லை.

சில வருடங்கள் போயின. போன மாதம் சரணாலயத்துக்காரர்கள் சுற்று ஊர் ஆட்களை லாரியில் ஏற்றிக் கூட்டிப்போனார்கள். ஃபிண்டாவுக்கு அப்போது இருமல். புழுதிக்காற்று அடிக்கிற காலத்தில் ஊரில் பாதிப் பேருக்கு இருமல்தான். வாசலில் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லி, வாய்க்குத் துணி கட்டச் சொல்லி, "இருமல், சளி இருக்கிறவங்க இங்கேயே நின்னுக்கணும், கோவிச்சுக்காதீங்க" என்று லன்சானா சொன்னார். இரண்டு பெண்கள் நின்றுகொண்டார்கள். ஃபிண்டா என் கையைப் பிடித்து அழுத்தினாள். அவளுக்கும் இருமல் என்று நான் சொல்லவில்லை. இருமல் வராமல் இருக்கத்தான் வாயில் கடலையைப் போட்டு மெல்லுகிறாள் என்று நினைத்தேன்.

கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் கயிறு கட்டி, அதற்குப் பின்னால்தான் நிற்க வேண்டும் என்றார்கள். தம்பா எங்கள் யாரையும் பார்க்காமல் தூரத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். தோள் அகலமாகியிருந்தது. முன்பு அவனைக் குளிப்பாட்டக் கூப்பிடும்போது செய்கிற மாதிரி ஃபிண்டா நாக்கை அண்ணத்தில் தட்டி ஒலி எழுப்பினாள். அவன் திரும்பிப் பார்த்துவிட்டு நடந்து வந்தான், ஓடி வரவில்லை. வந்து கம்பியில் உதட்டை வைத்தான். அப்போது கிழவர் ஒருவர் படியில் இடறியதால் லன்சானா அவரைத் தூக்கப் போயிருந்தார். ஃபிண்டா கயிற்றைத் தாண்டிப் போனாள், வாய்த்துணியை இறக்கினாள், கம்பி வழியாக அவன் வாயில் வாய் வைத்து மென்ற கடலையைக் கொடுத்தாள். அவன் தின்றுவிட்டு அவள் வாயை விரலால் திறந்து இன்னும் இருக்கிறதா என்று பார்த்தான். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். திரும்பி வரும்போது லாரியில் அவள், "என்னை மறக்கல கொம்பா. மறந்திருப்பான்னு நினைச்சேன்" என்றாள். அன்றிரவு நன்றாகத் தூங்கினாள்.

அதன் பின் லன்சானா மோட்டார் சைக்கிளில் வந்தார். நான் மரத்தின்மேல் இருந்தேன். இறங்கி வரச் சொன்னார். கள் ஊற்றிக் கொடுத்தேன், குடிக்கவில்லை. சிம்பன்சிகளுக்கு மனிதச் சளி தொற்றிவிட்டது, நமக்கு மூக்கு ஒழுகினால் அவற்றுக்கு நுரையீரலே போய்விடும், மற்றவை பிழைத்துவிட்டன, தம்பா இறந்துவிட்டான், கடைசியில் அக்கா கொடுத்த அந்தப் பழைய துணியைப் போர்த்திவிட்டோம் என்று சொன்னார். யாராவது கயிற்றைத் தாண்டினார்களா என்று கேட்டார். நான் தெரியாது என்றேன். அது பொய்.

அப்போது ஃபிண்டா கொல்லையில் களை எடுக்கப் போயிருந்தாள். தம்பா இறந்துவிட்டான் என்பதும், அதை விசாரிக்கத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்பதும் அவளுக்கு இன்றுவரை தெரியாது. கள் குடித்து அடித்துக்கொண்டவர்களைப் பற்றிச் சாட்சி சொல்லத்தான் இங்கே கூப்பிட்டிருக்கிறார்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன், துணைக்கு வருகிறேன் என்று வந்து வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறாள். வழக்கு என்றால் என் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள், அவளை நிறுத்தாமல் நின்றவன் நான் என்று கேட்டுக்கொண்டேன். அப்படி எழுத முடியாது என்று சார்ஜென்ட் சொன்னார். எனக்கு அடுத்து லன்சானாவை விசாரிக்க வரச் சொல்லியிருப்பதாகவும் சொன்னார்.

இதுவரை சொன்னது நான் கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும். யாரும் மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை. எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன், எல்லாம் உண்மை. பெருவிரல் ரேகை வைக்கும் முன் ஒன்றே ஒன்று சேர்க்கச் சொல்கிறேன். பையன் இறந்ததை அவளிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், ஆனால் எதனால் இறந்தான் என்பதை மட்டும் யாரும் அவளிடம்

(இந்த இடத்தில் வெளியிலிருந்து சாட்சியின் மனைவி கூப்பிட்டார்: "ஏ கொம்பா! உன் கதையை அப்புறம் சொல்லலாம், இங்க வா! லன்சானா வந்திருக்காரு. பையன் எப்படி இருக்கான்னு கேட்டா தரையையே பாத்துக்கிட்டு நிக்கிறாரு. நீ வந்து கேளு!" சாட்சி எழுந்து போய்விட்டார். ரேகை பெறப்படவில்லை.)