ஆளை எடுத்தால் நிழலையும்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் சூடேறினால் மின்விசிறியை அதன் பக்கம் திருப்பிவைக்க வேண்டும். அப்போது அம்மாவுக்குக் காற்று வராது. "அதுக்கும் வேர்க்குதா? பாவம், இருக்கட்டும் விடு" என்பாள்.

ரேம் இரண்டு ஜிபிதான். ஒரு படத்துக்கு நான்கு அடுக்குக்கு மேல் போட்டால் மூச்சு வாங்கும். ஆனாலும் படங்களைத் திருத்த மாலை வகுப்பில் சொல்லித்தந்த இலவச மென்பொருள் அதில் ஓடியது. செய்ததையெல்லாம் தேதி போட்டு நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன். அதனால் எதையும் மறைக்க எனக்கு வழியில்லை.

அம்மாவுக்கு மறதி நோய். தினமும் பழைய படங்களைக் காட்டி, யார் யார் என்று சொல்லிக்கொண்டே இருக்கச் சொன்னார் டாக்டர். ஆல்பங்கள் ஈரமேறி ஒட்டிக்கொண்டிருந்தன. வெளியூரில் வேலை பார்க்கும் அக்கா, போன முறை வந்தபோது இருநூற்றுப் பதினான்கு படங்களையும் உரித்தெடுத்து ஸ்கேன் செய்தாள். ஆல்பங்களைப் படங்களோடு தூக்கிப் போட்டோம். "கறையெல்லாம் நீ எடுத்துடு. நீதான் பெரிய ஆர்ட்டிஸ்டாச்சே" என்றாள். எடுத்தேன். பதினொரு நாள் ஆயிற்று.

சிக்கல் என்னவென்றால், எந்தப் படத்திலும் அக்காதான் நடுவில் நின்றாள். பார்த்ததும் அம்மா, "பெரியவ எங்கடி? சாப்பிட்டாளா?" என்று ஆரம்பித்துவிடுவாள். ஊட்டுகிற என் கையைத் தள்ளிவிட்டு வாசலைப் பார்ப்பாள். சாப்பாடு ஆறிப்போகும். சின்னவள் எங்கே என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. நான் எதிரிலேயே இருந்ததால் இருக்கலாம்.

பயிற்சிக்காக ஒரே ஒரு படத்தில் அக்காவை எடுத்துப் பார்த்தேன். பக்கத்துச் சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளி அவள்மேல் பூசினால் போதும். யாரென்று சொல்லாமல் ஆசிரியரிடம் காட்டினேன்.

"ஆளை எடுத்தா நிழலையும் எடுக்கணும்மா. இல்லன்னா பேய் வீடாயிடும்" என்றார். பத்துக்கு ஆறு போட்டார்.

அன்று அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே அம்மா தட்டைக் காலி செய்தாள்.

மற்றவை முப்பத்தெட்டு நாளில் முடிந்தன. அக்கா கைக்குழந்தையாக அம்மா மடியில் இருந்த படத்தில் மட்டும், சுவரைப் பூசினால் அம்மா வெறுங்கையை ஏந்தியிருப்பதுபோல் தெரிந்தது. அங்கே என் குழந்தை முகத்தை வைத்தேன். அந்தப் படம் எடுத்தபோது நான் பிறக்க இன்னும் ஐந்து வருடம் இருந்தது. அளவு என்னவோ கச்சிதமாகப் பொருந்தியது.

போன வாரம் அக்கா வந்தாள். அம்மா அவளைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தாள்.

"உட்காருங்க. யாரைப் பார்க்கணும்?"

"அம்மா, நான்தாம்மா. உன் பெரிய பொண்ணு."

"எனக்கு ஒரே பொண்ணுதாங்க" என்று அம்மா என்னைக் காட்டினாள்.

அக்கா கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து ஒவ்வொரு படமாகத் தள்ளினாள். நான் பள்ளிச் சீருடையில் தனியாக நிற்கும் படத்தில் அவள் கை நின்றது. என் தோளில் நான்கு விரல்கள் மட்டும் இருந்தன.

"இது யார் கைடி?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இத்தனை படங்களில் அது ஒன்றுதான் கண்ணில் படாமல் தப்பியிருந்தது.

"ஒரிஜினல் எல்லாம் எங்க?"

"டிஸ்க்ல இடமில்லக்கா. அதுமேலயே சேவ் பண்ணிட்டேன்."

பிறகு நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். அந்தத் தேதியில் நாற்பது ஜிபி காலி என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது.

அக்கா கொண்டுவந்த பையைத் திறக்காமலே கிளம்பினாள். அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாருடி அது? அழுதுக்கிட்டே போகுதே."

"யாரும் வரலையேம்மா" என்றேன்.

அம்மா சரி என்று தலையாட்டினாள். அவளைச் சாப்பிட வைத்துவிட்டு, மின்விசிறியைத் திருப்பிக்கொண்டு அந்த நான்கு விரல்களையும் எடுத்தேன். இந்தத் தடவை நிழலையும் மறக்கவில்லை. ஓரங்கள் சரியாக வந்திருக்கின்றனவா என்பதில் மட்டும் எனக்கு இன்னும் கொஞ்சம் சந்தேகம் இருக்கிறது.