எம்.எஸ்ஸி. கணக்கு, முதல் வகுப்பு

பாலக்காட்டுக்காரரா நீங்க? அதை முதல்லயே சொல்லப்படாதோ சாரே. வாசல்ல நின்னுண்டு மலையாளத்துல விரட்டியிருக்க மாட்டேனே. உள்ள வாங்கோ. குடையை அங்கேயே சாச்சு வைங்கோ, தரை ஏற்கெனவே ஈரந்தான். ஜூன் மாசம் மட்டாஞ்சேரியில எந்தத் தரைதான் காயறது.

டிகிரி படிச்சவாளைப் பத்தி சர்வேயாக்கும். சர்க்காருக்கு இப்பத்தான் எங்க ஞாபகம் வந்துதோ? சரி, எழுதிக்கோங்கோ. பேர் கல்யாணராமன். வயசு முப்பத்திரெண்டு. எம்.எஸ்ஸி. கணக்கு, முதல் வகுப்பு, எழுபத்தி நாலுல. யூனிவர்சிட்டியிலயே சேந்து படிச்சது. பிரைவேட்டா எழுதினது இல்லை, அதையும் எழுதுங்கோ.

ஜோலியா? குறுமிளகுக் கம்பெனியில சாக்குல நம்பர் போடறேன். ஏன் பேனா நின்னுடுத்து? பேருக்குக் கிளார்க். தகரத்துல எழுத்து வெட்டி வச்சிருக்கும், அதை சாக்குமேல வச்சுக் கறுப்பு மையைத் தேய்க்கணும். இந்த நகத்தைப் பாருங்கோ. மண்ணெண்ணெய் போட்டாலும் போகாது. இன்னிக்கு லாரி ஸ்ட்ரைக், சாக்கு நகரலை, அதான் ஆத்துல இருக்கேன்.

இதுக்கு எம்.எஸ்ஸி. வேணுமோன்னு கேக்கறேள். முதலாளியும் அதைத்தான் கேட்டார். குஜராத்திக்காரர். சர்ட்டிபிகேட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, இதெல்லாம் படிச்ச நீ சாக்கைத் தொடுவியான்னார். தொடுவேன்னேன். இல்லாட்டா என்ன பண்றது?

யூனிவர்சிட்டியிலயா? நன்னாச் சொல்லிக் குடுத்தா, போங்கோ. ஒரு புரொபசர் இருந்தார். பழைய நோட்டைப் பிரிச்சு வச்சுண்டு வாசிப்பார், நாங்க எழுதணும். இது ஏன் சார் இப்படின்னு ஒருநாள் கேட்டேன். அடுத்த வருஷம் தானே மனசிலாகும்னார். அடுத்த வருஷம் வேற ஒருத்தர், அவரும் வாசிச்சார். நாலு வரியில உலகமே அடங்கினாப்பல இருக்குன்னு எனக்கு அப்போ ஒரு பிரமை. ராத்திரி பகல் தெரியாது. இப்போ அதை நெனைச்சா வாய் கசக்கறது.

படிப்பு முடிஞ்சு நாலு வருஷம் அப்ளிகேஷன். ஒரு காலேஜ்ல இன்டர்வியூ. எந்தக் காலேஜ்னு வேண்டாம், விடுங்கோ. அஞ்சு பேர் ஒக்காந்திருந்தா. அதுல ஒருத்தர் ஆரஞ்சுப் பழம் உரிச்சுண்டிருந்தார். கணக்கு படிச்சா தெய்வ நம்பிக்கை போயிடுமாமே, நெஜமான்னு கேட்டார். அது ஒரு கேள்வி. அப்பா என்ன பண்றார்னு இன்னொண்ணு. கணக்குல ஒரு கேள்விகூடக் கெடையாது, கேட்டேளா! வெளியில வந்தா, எனக்கு முன்னாடி உள்ள போயிட்டு வந்தவன் பியூன்கிட்ட ஸ்டாப் ரூம் எதுன்னு விசாரிச்சுண்டிருக்கான். போற வழியில என்னைப் பாத்துச் சிரிச்சான் வேற.

அப்பறம் பள்ளுருத்தியில ஒரு டுடோரியல். கடை மாடியில. பிரீ டிகிரி தோத்ததுகளுக்கு நான் கணக்கு எடுக்கணும். ரெண்டாம் மாசம் கெமிஸ்ட்ரியும் எடுங்கோன்னா. மூணாம் மாசம் இங்கிலீஷ். மழையில கூரை விழுந்து அதுவும் பூட்டிப் போச்சு.

இதைவிடக் கேவலம் ஒண்ணு உண்டு. சாயாக்கடைக்குப் போனா, கணக்கு மாஷே, இந்த வாரம் லாட்டரி எந்த நம்பர்ல விழும்பான். வெளையாட்டுக்கில்லை சாரே, நெஜமாவே கேக்கறான். தெரியாதுன்னா, பின்னே என்ன எழவுக்குப் படிச்சேங்கறான். என்னோட ஸ்கூல்ல படிச்ச செல்லப்பா, பத்தாங்கிளாஸ்ல கணக்குலயே தோத்தவன், எலக்ட்ரீஷியனா துபாய் போயிட்டு டேப் ரிக்கார்டரோட வந்து எறங்கினான். என் தோள்ல தட்டி, உனக்கு ஒரு வேலை பாக்கட்டான்னான். தட்டினதுகூடப் பரவாயில்லை. ஒரு நிமிஷம் எனக்கு ஆசை வந்துது பாருங்கோ, அது!

வேற யாராவதா, இந்த ஆத்துல? டிகிரிக்காரியா ஒருத்தி இருக்கா. தங்கை. ஜெயலக்ஷ்மி. இருபது முடிஞ்சுது. பி.எஸ்ஸி. இப்பத்தான் ரிசல்ட் வந்துது.

ஆமாம், கணக்குதான். என்ன பண்ணச் சொல்றேள்? டைப் படிடீன்னேன், பேங்க் பரீட்சை எழுதுடீன்னேன். கேக்கலை. யூனிவர்சிட்டியில மூணாவது ராங்க். மேலயும் கணக்கே படிக்கணுமாம், எம்.எஸ்ஸி.க்கு அப்ளிகேஷன் போட்டிருக்கா. இத்தனைக்கும் ஜோலி கெடைக்குமோன்னு அவ ஒரு தரம்கூடக் கேட்டதில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். நான்கூடக் கேட்டேனே!

போன மாசம் என் பழைய நோட்டைப் பெட்டியிலேர்ந்து எடுத்துப் படிச்சுண்டிருந்தா. அண்ணா, இங்க பாருங்கோ, நிரூபிக்க வேண்டியதையே ஒத்துண்டு ஆரம்பிச்சிருக்கேளேன்னா. புரொபசர் செவப்பு மையில சரி போட்ட பக்கம் சாரே அது. போடீ, உனக்கு என்ன தெரியும்னேன். ஓரத்துல பென்சிலால மூணு வரி எழுதிக் காமிச்சா. சரியாத்தான் இருந்தது. எனக்கு அதைப் படிச்சு மனசிலாக்க ரெண்டு நாளாச்சு. ரெண்டு நாள்! அவகிட்ட அதைச் சொல்லலை.

இப்போ ஆத்துல இல்லை. போஸ்டாபீசுக்குப் போயிருக்கா. இந்த வாரத்துல மூணாவது தடவை. கூடப் படிச்ச மீனாக்ஷிக்கு இவளைவிட மார்க் கம்மி, அவளுக்கு எம்.எஸ்ஸி. சீட்டுக்கான கார்டு வந்துடுத்தாம். தனக்கு ஏன் வரலைன்னு விசாரிக்கப் போயிருக்கா. மழையில தபால் எங்கயாவது தப்பியிருக்கும்னு சொல்லி வச்சிருக்கேன்.

இல்லை சாரே. தப்பலை.

கம்பெனி விலாசத்துக்கு வந்துது. ஆத்துக்கு வந்தா மழையில நனைஞ்சு போகும்னு நான்தான் அப்ளிகேஷன்ல அந்த விலாசம் போடச் சொன்னேன். அப்போ மனசுல ஒண்ணும் இல்லை, சத்தியமா. பதினாலாந்தேதி காலம்பற பத்து மணிக்கு அசல் சர்ட்டிபிகேட்டோட நேர்ல வரணும், வராட்டா சீட் அடுத்தவாளுக்குன்னு போட்டிருந்தது. கிழிச்செல்லாம் போடலை. தினம் சட்டைப்பையில வச்சுண்டு ஆத்துக்கு வருவேன். சாப்பிடறச்சே குடுக்கலாம்னு நெனைப்பேன். காலம்பற அதே சட்டையைப் போட்டுண்டு போயிடுவேன்.

இன்னிக்குத் தேதி பதினெட்டுன்னு எனக்குத் தெரியும். நீங்க சொல்ல வேண்டாம்.

அவ நல்லதுக்குத்தானேன்னு சொல்றேள். நானும் அப்படித்தான் சொல்லிண்டேன், இந்த நாத்தம் புடிச்ச படிப்பு என்னோட போகட்டும்னு. ஆனா பதினாலாந்தேதி பத்து மணிக்கு நான் சாக்குல நம்பர் போட்டுண்டிருந்தேன். கம்பெனிக் கடியாரத்தைப் பாத்துண்டே இருந்தேன். பத்தே காலாச்சு. மனசு லேசாப் போச்சு சாரே. எத்தனையோ வருஷமா அப்படி லேசா இருந்ததே இல்லை. அதை நான் எங்க போய்ச் சொல்லுவேன், சொல்லுங்கோ.

அதோ வந்துட்டா. நனைஞ்சுண்டே வரா, பைத்தியம்.

அவளோட காகிதத்தையும் இப்பவே எழுதிடுங்கோ. பேர், வயசு, மார்க்கு, எல்லாத்தையும் அவகிட்டயே கேட்டுக்கோங்கோ. மேல படிக்க உத்தேசம் உண்டோன்னு அடியில ஒரு கேள்வி தெரியறதே, அதை மட்டும் விட்டுடுங்கோ சாரே.