மாத்திரைக்கு ஒரு முட்டை

எனக்குக் கோழிகளைக் கண்டாலே பிடிக்காது டாக்டரம்மா. அந்த உருட்டுக் கண்ணும், கழுத்தை வெட்டி வெட்டி நடக்கிற நடையும், எதைப் போட்டாலும் கொத்தித் தின்கிற புத்தியும் எனக்கு ஒத்துவராது. கொல்லை நிறையக் கோழி வைத்திருப்பவள் இப்படிச் சொன்னால் யார் நம்புவார்கள்? நம்பாவிட்டால் போகிறது. காபி ஆறுகிறது, குடியுங்கள். பால் மந்தாரக்குப்பத்திலிருந்து வருகிறது, நம் வீட்டுப் பண்டம் எதுவும் அதில் இல்லை.

கோழிக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டீர்கள். இந்த வரிசையில் இன்னும் இரண்டு வீட்டில் அதே காய்ச்சல் வந்துவிட்டது, அதனால் கேட்கிறீர்கள். போன வருஷம் சகாயமேரியின் குழந்தை உங்கள் நர்ஸிங் ஹோமில் கிடந்தபோது நீங்கள் கேட்டது வேறு கேள்வி. இன்றைக்குத்தான் சரியான கேள்வியோடு வந்திருக்கிறீர்கள். கேட்டதற்குப் பதில் சொல்வதில் எனக்கு என்றைக்கும் தயக்கம் இருந்ததில்லை.

எங்களுக்குத் திருநெல்வேலிப் பக்கம். வீட்டுக்காரர் மாடசாமிக்கு மைன்ஸில் பெர்மனெண்ட் வேலை, மூன்று ஷிஃப்ட்டும் மாறி மாறி வரும். பகலில் தூங்குகிற மனுஷனை எழுப்பாமல் குடித்தனம் நடத்துவது எப்படி என்று இந்த டவுன்ஷிப் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். ரேடியோ போடக்கூடாது, பாத்திரம் உருளக்கூடாது, பேசக்கூடாது. நான் கொல்லையில் போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடத்தில் சும்மா இருக்க முடியாமல் கோழி வாங்கினேன். மைன்ஸில் தேய்ந்து கழித்த கன்வேயர் பெல்ட் ரப்பரை அவர் கொண்டுவந்து கூரையாகப் போட்டுக் கொடுத்தார். தரைக்கு அடுப்புச் சாம்பல். வெள்ளை லெகார்ன் குஞ்சுகளாக வாங்கி விட்டேன்.

முதல் வருஷமே கழிச்சல் வந்து பாதி செத்துப்போயின. காடாம்புலியூரில் கோழி வளர்க்கிற ஒருவர், மனுஷருக்குக் காய்ச்சலுக்குக் கொடுக்கிற கேப்சூலைப் பிரித்துத் தண்ணீரில் கலக்கி வையுங்கள் என்றார். வீட்டில் மாடசாமிக்கு வாங்கியது மிச்சம் இருந்தது. கலக்கி வைத்தேன். தலையைத் தொங்கப்போட்டு நின்றதெல்லாம் மறுநாள் தீனிக்கு அடித்துக்கொண்டன. அதன்பிறகு நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கொடுத்தேன். கொடுத்தால் சதை பிடித்தது, முட்டையும் நிற்காமல் வந்தது. நோயில்லாத பிராணிக்கு எதற்கு மருந்து என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கு அது சத்து மாதிரி. பிள்ளைகளுக்கு மீன் எண்ணெய் கொடுப்பதில்லையா?

மருந்துக்கு இங்கே பஞ்சமே இல்லை. பெர்மனெண்ட்காரர் குடும்பத்துக்குக் கம்பெனி ஆஸ்பத்திரியில் எல்லாம் இலவசம். காய்ச்சல் விட்ட அன்றே மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். மிச்சம் பீரோ மேலே ஏறிவிடும், அங்கேயே தூசி படிந்து கிடக்கும். அடுத்த வீட்டுக் கனகத்திடம்தான் முதலில் கேட்டேன்.

"சும்மா கெடக்கதைத் தாயேன் கனகம். மாத்திரைக்கு ஒரு முட்டை தாரேன்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். மறுநாளே மூன்று வீட்டு மாத்திரையைச் சேர்த்துக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கம் நின்றாள். பிறகு அதுவே எங்கள் பிளாக்கில் வழக்கமாகிவிட்டது. குழந்தைகள்கூட மாத்திரையைக் கையில் மூடிக்கொண்டு ஓடிவரும். வேடிக்கை என்னவென்றால், அதற்கப்புறம் எங்கள் வரிசையில் எல்லோருக்கும் காய்ச்சல் சீக்கிரம் விட ஆரம்பித்தது. உடம்பு கொஞ்சம் ஆறினாலே போதும், மீதி முட்டையாகிவிடும்.

எனக்கு அதில் நல்ல பெயர். பிள்ளை பெற்று வந்தவளுக்கு முதல் முட்டை என் கையால்தான் போகும். இசக்கியக்கா கை ராசியான கை என்பார்கள். மாடசாமியைக் கட்டிக்கொண்டு வந்தபிறகு நான் கேட்ட நல்ல வார்த்தை மொத்தமும் அந்தக் கொல்லை வேலியில் வைத்துக் கேட்டதுதான். அது எனக்குப் பிடித்திருந்தது. ரொம்பவும் பிடித்திருந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிறகு நடந்ததற்கு வேறு காரணம் எதையும் நீங்கள் தேடி அலைய வேண்டாம்.

சகாயமேரியும் அவள் புருஷன் மைக்கேலும் வந்தது இரண்டாவது சுரங்க வேலை மும்முரமாக நடந்த சமயம். அவன் கான்ட்ராக்ட் ஆள். கான்ட்ராக்ட் ஆளுக்குக் குவார்ட்டர்ஸும் கிடையாது, இலவச மருந்தும் கிடையாது. எங்கள் கொல்லையில் ஒரு சின்ன அறை இருந்தது. குவார்ட்டர்ஸில் அடுத்த ஆளைக் குடிவைக்கக்கூடாது என்று சட்டம், ஆனால் பாதி டவுன்ஷிப் வைத்திருந்தது. நான் வாடகை கேட்கவில்லை. கோழிக்கூட்டைக் கூட்டி அள்ள வேண்டும், தண்ணீர் வைக்க வேண்டும், அவ்வளவுதான். அவள் அதைச் சந்தோஷமாகச் செய்தாள். அவளோடு மகள் பவுலினும் கூட்டுக்குள்ளேயே கிடக்கும். நாலு வயசுக் குழந்தை, கோழிகளுக்கெல்லாம் பெயர் வைத்திருந்தது. குச்சிக் குச்சியாகக் கையும் காலும். பார்க்கிறவர்களுக்கெல்லாம் ஏதாவது கொடுக்க வேண்டும்போல இருக்கும்.

கீறல் விட்ட முட்டையை யாருக்கும் கொடுக்க முடியாது. அதை நான் பவுலினுக்குக் கொடுத்தேன். விடிந்ததும் வெறும் வயிற்றில் பச்சையாக ஊற்று, ஒரே மாதத்தில் உடம்பு தேறிவிடும் என்று சகாயமேரிக்குச் சொன்னதும் நான்தான். எங்கள் பக்கத்தில் நோஞ்சான் குழந்தைக்கு அப்படித்தான் செய்வார்கள். அவள் குழந்தையின் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊற்றுவாள், நான் வேடிக்கை காட்டுவேன்.

அந்தச் சமயத்தில் கோழிகளுக்கு மறுபடி கழிச்சல் கண்டது. கேப்சூலைக் கலக்கி வைத்தேன், கேட்கவில்லை. இரண்டு பங்காக வைத்தேன், கேட்கவில்லை. காய்ச்சலுக்குக் கொடுக்கிற வேறு கேப்சூல் வந்தது, அதற்கும் மசியவில்லை. சுணங்கி நிற்கிற கோழியைத் தானாக விழட்டும் என்று நான் விட்டுவைக்கவில்லை. அன்றைக்கே அறுத்து, ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குச் சொல்லிவைத்த வீடுகளுக்குக் கொடுத்துவிட்டேன். நல்ல மசாலா போட்டால் எந்தக் கோழியும் கோழிதான்.

கனகம்தான் அந்த மஞ்சள் மாத்திரையைக் கொண்டுவந்தாள். அவள் மாமியாருக்குப் பேதிக்குக் கொடுத்ததில் மிச்சம். மனசில்லாமல்தான் பொடித்துப் போட்டேன். தண்ணீரெல்லாம் மஞ்சளாகிவிட்டது. கோழிகள் குடித்தன, எழுந்து நின்றன. ஒன்றுகூடச் சாகவில்லை. அன்றிலிருந்து மஞ்சள் மாத்திரையைத் தவிர வேறு எதற்கும் முட்டை கிடையாது என்று சொல்லிவிட்டேன். உள்ளே ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருந்தேன்.

கொஞ்ச நாளில் பவுலினுக்குக் காய்ச்சல் வந்தது. கூடவே கழிச்சல். சகாயமேரி குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

"இசக்கியக்கா, கொழந்த கண்ணே தொறக்க மாட்டேங்குது. வாயில எது வச்சாலும் துப்பிக்கினே இருக்குது. எனக்கு பயமா இருக்குதுக்கா."

உங்களிடம் கூட்டிக்கொண்டு வந்தது நான். உங்கள் பெயர் காந்திமதி என்று போர்டில் பார்த்ததும், எங்கள் ஊர் அம்மன் பெயராயிற்றே, எல்லாம் சரியாகிவிடும் என்று அவளுக்குத் தைரியம் சொன்னேன். நீங்கள் குடல் காய்ச்சல் என்றீர்கள். கொடுத்தது எந்த மருந்து என்று நர்ஸ் கையில் பார்த்தேன். என் கோழிகள் முதலில் குடித்துப் பார்த்த மருந்து. அது கேட்கவில்லை என்று நீங்கள் அடுத்ததற்கு மாற்றினீர்கள். அதுவும் கோழிகள் பார்த்ததுதான்.

அதுவும் கேட்காமல்போன அன்றைக்குக் காலையில் நீங்கள் கட்டில் பக்கத்தில் நின்று எங்களைக் கேட்டீர்கள், நினைவிருக்கும்.

"இது கேட்க வேண்டிய மருந்தும்மா. கொஞ்சம் கொஞ்சமா கொடுத்துக்கிட்டே இருந்தா கிருமி சாகாம மருந்துக்குப் பழகிடும். குழந்தைக்கு முன்னாடி இதெல்லாம் அடிக்கடி கொடுத்திருக்கீங்களா?"

"இல்லீங்கம்மா. மருந்துன்னு வாங்குனதே இல்லீங்க. இப்பத்தான் மொதமொதல்ல," என்றாள் சகாயமேரி.

"ரத்தத்தை டெஸ்டுக்கு அனுப்பியிருக்கேன். ரிசல்ட் வர்ற வரைக்கும் இவ தாங்கணும். எதுக்குக் கேட்கும்னு மட்டும் தெரிஞ்சா இப்பவே மாத்திடுவேன். குருட்டாம்போக்கில ஒண்ணொண்ணா கொடுத்துப் பார்க்க இந்த உடம்புல தெம்பு இல்லை."

நான் குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீங்கள் சொன்னது எனக்குப் புரிந்தது. கோழிக்குள் மருந்துக்குப் பழகிய கிருமி முட்டையில் ஏறிக் குழந்தைக்குள் போயிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம், கோழிக்கு மருந்து கலக்கினவளுக்கே தெரியும். எதற்குக் கேட்கும் என்பதும் எனக்குத் தெரியும். எனக்கு அப்போது பயமாக இருந்தது. வாயைத் திறந்தால் மருந்தின் பெயரோடு மற்றதும் வெளியே வரும். உனக்கு எப்படித் தெரியும் என்பீர்கள். இசக்கியக்கா முட்டை என்றால் இனி ஊரே கையை உதறும். கொல்லையில் ஆள் குடிவைத்ததும் வெளியே வந்து குவார்ட்டர்ஸ் போய்விடும் என்றும் அப்போது நினைத்துக்கொண்டேன். அது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். குவார்ட்டர்ஸ் போனால் வேறு வீடு கிடைக்கும்.

நான் ஒன்றும் கல்நெஞ்சுக்காரி இல்லை. வீட்டுக்குப் போய் மஞ்சள் மாத்திரையில் ஒன்றை எடுத்துப் பொடித்து, காகிதத்தில் மடித்து, கஞ்சியோடு கொண்டுவந்தேன். யாருக்கும் தெரியாமல் வாயில் போட்டுவிடலாம், தினமும் அப்படியே கொடுத்துவிடலாம் என்றுதான் வந்தேன். மடிப்பைப் பிரித்தபோது சகாயமேரி பார்த்துவிட்டாள்.

"இன்னாக்கா அது, மஞ்சளா?"

"எங்க ஊரு இசக்கியம்மன் கோயில் மஞ்சனை," என்றேன். மஞ்சனை என்றால் எங்கள் பக்கத்துக் கோயில்களில் அம்மனுக்குச் சாத்திவிட்டுக் கொடுக்கிற மஞ்சள். வாயில் வந்தது, சொல்லிவிட்டேன்.

அவள் கழுத்தில் மாதா படம் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. குழந்தையின் தாடையைப் பிடித்து வாயைத் திறந்தாள்.

"எந்தச் சாமியா இருந்தா இன்னாக்கா. போடுங்க. ஒங்க கையால போடுங்க."

நாக்கு வெளுத்துக் காய்ந்து கிடந்தது. என் விரல் நுனியில் பொடி இருந்தது. நீங்கள் அடுத்த கட்டிலில் யாருக்கோ நாடி பார்த்துக்கொண்டிருந்தீர்கள். வாயில் போட்டால் திரும்பிப் பார்ப்பீர்கள், என்ன கொடுத்தாய் என்று கேட்பீர்கள் என்று தோன்றியது. குழந்தை பிழைத்துக்கொண்டால் இன்னும் விடாமல் கேட்பீர்கள். நெற்றியில் பூசினால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

நெற்றியில் பூசினேன்.

நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள். மஞ்சள் பூசியிருப்பதைப் பார்த்துவிட்டு மறுபடி நாடி பார்க்கத் திரும்பிக்கொண்டீர்கள். சகாயமேரி என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். காகிதத்தில் மிச்சம் இருந்ததை வீணாக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கோழித் தண்ணீரில் போட்டேன். அதோடு என் பயம் போய்விட்டது. அதன்பிறகு எனக்கு எதுவுமே தோன்றவில்லை டாக்டரம்மா. கஞ்சி கொண்டுவந்தேன், பாத்திரத்தைக் கழுவினேன், திரும்பிப் போனேன். குழந்தை இறந்த அன்றைக்கும் அப்படித்தான். மைக்கேல் கல்லறைத் தோட்டத்திலிருந்து வந்து கொல்லைப் படியில் உட்கார்ந்திருந்தபோது கோழிகள் அவன் காலைச் சுற்றிக்கொண்டு கத்தின. தீனி போடுகிற நேரம். நான்தான் போய்ப் போட்டேன்.

ரிசல்ட் அதற்குப் பிறகு வந்தது. அவர்கள் ஊரைக் காலி செய்துகொண்டு போகும் முன்னால் ஒருதரம் உங்களைப் பார்க்க வந்தோமே, அப்போது நீங்களே சொன்னீர்கள்.

"சாதாரண மஞ்சள் மாத்திரைம்மா, பேதிக்குக் கொடுக்கிறது. அதுக்குக் கேட்டிருக்கும்." சொல்லிவிட்டு நீங்கள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். உங்கள்மேல் எனக்குப் பரிதாபமாக இருந்தது.

எனக்கு அழுகை வரவில்லை. நான் கண்டுபிடித்தது சரிதான் என்று ஒரு திருப்தி வந்தது, அது உண்மை. போன வருஷம் நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. நீங்கள் குழந்தைக்குக் கொடுத்த மருந்தைத்தான் கேட்டீர்கள், கோழிக்குக் கொடுத்ததைக் கேட்கவில்லை. இன்றைக்குக் கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். எழுதிக்கொள்வதானால் இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் குழந்தைக்குச் சரியான மருந்தை முதலில் கொண்டுவந்து கொடுத்தது நான்தான். வாயில் போடவில்லை, அவ்வளவுதான்.