நூறு கருவிகள் வரை

கடையில் தக்காளி வாங்கினாலும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துத்தான் எடுப்பேன். ஆஸ்பத்திரிக்கு அந்த மென்பொருளையும் அப்படித்தான் தேர்ந்தெடுத்தேன். அவசரப்பட்டேன் என்று மட்டும் உங்கள் விசாரணை அறிக்கையில் எழுதிவிடாதீர்கள்.

எங்கள் ஆஸ்பத்திரியின் நெட்வொர்க்கில் இணைந்திருப்பவை நூற்று இருபத்து மூன்று. கணினிகள், கேமராக்கள், பிரிண்டர்கள், வார்டுக் கருவிகளை நெட்வொர்க்கோடு இணைக்க அங்கங்கே சுவரில் மாட்டியிருக்கும் ஸ்விட்ச் பெட்டிகள். இவற்றில் எது நின்றாலும் என் திரையில் சிவப்பு காட்டி, என் செல்போனில் அலாரம் அடிக்க வேண்டும். அதற்குத்தான் மென்பொருள். மூன்றைப் பார்த்தேன். முதலாவது பிரமாதம், விலையும் அப்படியே. இரண்டாவது இலவசம், எத்தனை கருவி இருந்தாலும் பார்த்துக்கொள்ளும். ஆனால் அதை அமைக்கக் கற்றுக்கொள்ளவே இரண்டு மாதம் ஆகும். எனக்கு வயது ஐம்பத்து மூன்று. மூன்றாவதும் இலவசம், அரை மணி நேரத்தில் ஓட ஆரம்பித்துவிடும். நூறு கருவிகள் வரைதான் பார்க்கும், அவ்வளவுதான்.

முதலாவதைக் கேட்காமல் இல்லை. நிர்வாகி விண்ணப்பத் தாளைப் படிக்காமலே என் பக்கம் தள்ளினார்.

"பார்த்துக்கத்தானே நீங்க இருக்கீங்க? நீங்க பார்க்கறத பார்க்க இன்னொன்னு எதுக்கு? இருக்கறத வெச்சு சமாளிங்க."

சமாளித்தேன். இருபத்து மூன்றை விட்டாக வேண்டும். வண்டி நிறுத்துமிடத்துக் கேமராக்கள், பழைய பிரிண்டர்கள், கேன்டீன் பில் இயந்திரம் என்று இருபத்திரண்டு சுலபமாகப் போயின. மிச்சம் ஒன்று. நிர்வாகி அறையின் டிவியை விட்டிருக்கலாமே என்பீர்கள். அது நின்றால் அவர் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார். விட முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

மூன்றாம் மாடி இதய வார்டின் ஸ்விட்சை விட்டேன். அங்கே ஒவ்வொரு கட்டில் பக்கத்திலும் நாடித்துடிப்பு பார்க்கும் கருவி உண்டு. நோயாளிகள் தூங்க வேண்டுமே என்று அதன் சத்தத்தை நிறுத்தி வைத்திருப்பார்கள். எல்லாக் கட்டில்களின் எண்களும் அந்த ஸ்விட்ச் வழியாக நர்ஸ் மேசைத் திரைக்கு வரும். ஸ்விட்ச் அரதப் பழசு. வாரத்துக்கு இரண்டு தடவை நின்றுவிடும், நின்ற ஒவ்வொரு தடவையும் என் மாத அறிக்கையில் ஒரு சிவப்புக் கோடு விழும். அதை விட்ட மாதம் அறிக்கை பச்சைப் பசேலென்று வந்தது. "பரவாயில்லையே" என்றார் நிர்வாகி. பதினான்கு வருடத்தில் முதல் தடவை.

அந்த வார்டின் மூத்த நர்ஸை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஒருநாள் மாடிப்படியில் நிறுத்திக் கேட்டார்.

"தம்பி, நேத்து அந்த ஸ்கிரீன் அப்படியே உறைஞ்சு நின்னுடுச்சு. நம்பர் மாறவே இல்ல. நான் பாட்டுக்கு எல்லாரும் நல்லா இருக்காங்கன்னு நெனச்சிட்டு இருந்தேன்."

"கவலைய விடுங்கக்கா. இனிமே அது நின்னா அடுத்த நிமிஷம் எனக்கு அலாரம் வரும். ஓடி வந்துடுவேன்."

ஏன் சொன்னேன் என்றால், அவர் முகம் அவ்வளவு வாடியிருந்தது. ஒருவருக்குத் தைரியம் சொல்வதில் என்ன தப்பு? அதுவரை அரை மணிக்கு ஒரு தடவை கட்டில் கட்டிலாக நடந்து பார்த்துக்கொண்டிருந்தவர், அதன்பின் திரையை நம்பி உட்கார்ந்தார். அவருக்கு முட்டிவலி வேறு.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரைக்கு ஸ்விட்ச் நின்றது. ஏழாம் கட்டிலில் ஒரு பஸ் டிரைவர். திரையில் அவருடைய துடிப்பு எழுபத்திரண்டு. நாற்பது நிமிடமும் எழுபத்திரண்டு. வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுத் திரும்பிய அவர் மகள் அப்பாவின் கையைத் தொட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. "இப்பதான ஸ்கிரீனப் பார்த்து நல்லா இருக்கார்னு சொன்னீங்களே" என்று அந்தப் பெண் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பக் கேட்டாளாம். நான் கீழே என் அறையில் இருந்தேன். என் திரை முழுக்கப் பச்சை.

மூன்று மணிக்கு நிர்வாகி எங்கள் இருவரையும் கூப்பிட்டு விசாரித்தார்.

"அலாரம் வரும்னு தம்பிதான் சொன்னாரு" என்றார் அக்கா.

நான் கருவிகளின் பட்டியலை அச்செடுத்து மேசைமேல் வைத்தேன். மூன்றாம் மாடி ஸ்விட்ச் அதில் இருந்தது.

"அலாரம் வந்துச்சு சார். உடனே வார்டுக்கு போன் பண்ணேன். ரொம்ப நேரம் அடிச்சுது, யாரும் எடுக்கல."

அக்கா என்னோடு சண்டை போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "பக்கத்துலதானே இருந்தேன். அடிச்சிருக்குமோ? எனக்குத்தான் கேக்கலையோ?" என்று மெல்லச் சொன்னார். அன்றைக்கே அவர் வேலை போயிற்று.

தொலைபேசிப் பதிவை எடுத்துவிட்டோம் என்கிறீர்கள். சரிதான். நான் போன் செய்யவில்லை. அலாரமும் வரவில்லை. அந்த ஸ்விட்சைப் பட்டியலில் சேர்த்ததே அன்று மதியம் ஒரு மணிக்கு, உடம்பை இன்னும் கீழே கொண்டுவராதபோது. வேறு வழி இருந்தால் செய்திருக்க மாட்டேனா? எனக்கும் குடும்பம் இருக்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், நான் எதையும் மறைக்கிற ஆள் இல்லை. நூற்று ஒன்றாவதை அந்த மென்பொருள் ஏற்காது. ஒன்றைச் சேர்த்தால் ஒன்றை எடுத்தாக வேண்டும். குறைமாதக் குழந்தைகளைக் கண்ணாடிப் பெட்டிகளில் வைத்திருக்கிற வார்டின் ஸ்விட்சை எடுத்தேன். யோசித்துத்தான் எடுத்தேன். ஆறு வாரம் ஆகிறது. அங்கிருந்து இதுவரை ஒரு அலாரம்கூட வரவில்லை.